ஆங்கிலப் பரீட்சையில் கோடிட்ட இடங்களை நிரப்பும் முறை



நமது சூலியா தெருவில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எந்த முதலாளியையும் கேட்டுப் பாருங்கள். "எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. என் மகனாவது நன்றாகக் கற்கட்டும்" என்றே சொல்வார். இது இன்று நேற்று வந்த ஆசையன்று. 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து, ஆங்கிலம் கற்றவனுக்குத் துறைமுகத்திலும் கச்சேரியிலும் கதவு திறந்ததை நம் முன்னோர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். இன்று அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. ஒன்று, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள். மற்றொன்று, அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குச் சேர எழுத வேண்டிய 'மூயெட்' என்னும் ஆங்கிலப் பரீட்சை. மலேசியப் பரீட்சை மன்றம் நடத்தும் இது 1999ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது.

இந்தப் பரீட்சைகளில் நம் பிள்ளைகள் அதிகமாகச் சறுக்கும் ஓரிடம் உண்டு. அதுதான் "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்னும் பகுதி. அதைப் பற்றியே இப்பாடம்.

முதலில் நமது குற்றத்தை ஒப்புக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது தெருவிலுள்ள ஒரு மசாலைக் கடைக்காரர் நம்மிடம் வந்து, மகனின் பரீட்சைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். ஆயிரக்கணக்கான சொற்களடங்கிய ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டி, "இதை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள், போதும்" என்றோம். பையன் சொன்னபடியே செய்தான். இரவு கடை அடைத்த பிறகு மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து உருப்போட்டான். மூயெட் முடிவு வந்தபோது, அவன் விரும்பிய படிப்புக்குக் கேட்ட தரத்துக்கு அரைப் படி குறைந்துவிட்டது. "காக்கா, அவன் படிக்காமல் இருந்தால் அடித்திருப்பேன். இத்தனை படித்தும் இப்படி ஆனால் நான் யாரைச் சொல்வது?" என்று தகப்பனார் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. பிறகு அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அவனுக்குச் சொற்கள் தெரிந்திருந்தன. எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. நாம் அவனுக்குச் சரக்கைக் கொடுத்தோம், தராசைக் கொடுக்கவில்லை.

ஆகவே, இப்பாடத்தின் சாரம் ஒன்றேதான்: கோடிட்ட இடத்துக்கு உரிய சொல், அந்த இடத்தின் இருபுறமும் நிற்கும் அண்டைச் சொற்களைப் பார்த்தால் தெரியும். மற்றவை யாவும் இதன் விளக்கமே.

இந்தக் கேள்வி வந்த வரலாறு

1953ஆம் ஆண்டில் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் ஒரு முறையை வெளியிட்டார். ஒரு கட்டுரையை எடுத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு சொல்லாக நீக்கிவிட்டு, வாசகரை அந்த இடங்களை நிரப்பச் சொன்னார். ஒரு கட்டுரை வாசிப்பதற்கு எளிதா, கடினமா என்று அளப்பதே அவருடைய நோக்கம். பாதி வரைந்த வட்டத்தைக் கண்டால் மனித மனம் அதை முழு வட்டமாக்கிப் பார்க்குமல்லவா? அந்த "நிறைவு செய்தல்" என்ற கருத்திலிருந்தே இம்முறைக்குக் 'க்ளோஸ்' என்று பெயரிட்டார். பின்னர் மொழியறிவை அளப்பதற்கும் இது உதவும் என்று ஆசிரியர்கள் கண்டுகொண்டனர். இலக்கணம், சொல்வளம், பொருள் விளங்குதல் ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் சோதித்துவிடலாம் என்பதே காரணம்.

இதன் கனம் எவ்வளவு என்று பாருங்கள். 2021ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். முதல் புதிய அமைப்பில் வந்துள்ள ஆங்கில முதல் தாளில் மொத்தம் 40 கேள்விகள். நேரம் ஒன்றரை மணி. அதில் இரண்டாம் பகுதியின் 10 கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து கோட்டில் இடுவன. நான்காம் பகுதியின் 6 கேள்விகள், கட்டுரையிலிருந்து நீக்கப்பட்ட முழு வாக்கியங்களை உரிய இடத்தில் பொருத்துவன. ஐந்தாம் பகுதியில் 4 கேள்விகள், கட்டுரையிலிருந்து சொல்லை எடுத்துக் குறிப்பை நிரப்புவன. கூட்டினால் 20. ஆகத் தாளில் சரிபாதி கோடிட்ட இடங்களே! மூயெட் வாசிப்புத் தாளிலும் வாக்கியம் பொருத்தும் பகுதி உண்டு. வெளிநாடு செல்பவர்கள் எழுதும் ஐயெல்ட்ஸ் பரீட்சையில் காதால் கேட்டு நிரப்புவதும், வாசித்து நிரப்புவதும் இரண்டும் உண்டு.

நிற்க. இனி முறைக்கு வருவோம். ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத தகப்பன்மாரும் பிள்ளையைக் கேள்வி கேட்க வசதியாக, உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம்.

முதற்படி: நிரப்பாமல் ஒரு முறை வாசித்தல்

பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக் கட்டுரையையும் ஒரு தடவை வாசிக்க வேண்டும். கொள்முதல் பட்டியலில் ஓரிடத்தில் மை படிந்து தொகை அழிந்திருந்தால் நாம் என்ன செய்கிறோம்? உடனே ஒரு தொகையை எழுதிவிடுகிறோமா? இல்லை. சரக்கு எது, எத்தனை மூட்டை, அடியில் மொத்தம் எவ்வளவு என்று முழுவதையும் பார்த்த பிறகே அழிந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறோம். பரீட்சைக் கட்டுரையும் அப்படியே. யாரைப் பற்றியது, நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருப்பதா, எழுதியவர் பாராட்டுகிறாரா, குறை சொல்கிறாரா என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம்படி: எந்த வகைச் சொல் என்று காணுதல்

கோட்டுக்கு முன்னுள்ள சொல்லையும் பின்னுள்ள சொல்லையும் பார்த்து, அவ்விடம் பெயரையா, வினையையா, அடைமொழியையா கேட்கிறது என்று முடிவு செய்க. 'தி', 'எ' என்பவற்றுக்குப் பின் வாக்கியம் முடிந்தால் அங்கே வேண்டுவது பெயர்ச்சொல். 'கேன்', 'மஸ்ட்', 'வில்' ஆகியவற்றுக்குப் பின் வினையின் அடிவடிவமே வரும்: "ஹி கேன் ஸெல்" என்பது சரி, "ஹி கேன் ஸெல்ஸ்" என்பது பிழை. 'இன்', 'ஆஃப்', 'ஃபார்', 'பை' போன்ற சிறு சொற்களுக்குப் பின் வினை வந்தால் 'இங்' சேரும்: "ஹி இஸ் குட் அட் ஸெல்லிங்". இவ்வாறு வகையைக் கண்டவுடனே நான்கு விடைகளில் ஒன்றோ இரண்டோ தாமாகக் கழிந்துவிடும்.

மூன்றாம்படி: சொல்லின் துணையைத் தேடுதல்

ஆங்கிலத்தில் சில சொற்கள் கூட்டாளி வியாபாரம் போல ஒன்றையொன்று விட்டுப் பிரியா. "மேக் எ ப்ராஃபிட்" என்பார்கள், "டூ எ ப்ராஃபிட்" என்று சொல்வதில்லை. ஆனால் "டூ பிஸினஸ்" என்பார்கள். "ரன் எ ஷாப்", "டேக் எ ரிஸ்க்", "பே அட்டென்ஷன்", "கீப் எ பிராமிஸ்" யாவும் இவ்வகை. சிறு சொல் மாறினால் பொருளே மாறுவதும் உண்டு. "டீல் இன் ரைஸ்" என்றால் அரிசி வியாபாரம் செய்வது. "டீல் வித் எ கஸ்டமர்" என்றால் வாடிக்கையாளரைக் கவனிப்பது. ஆகவே சொற்களைத் தனித்தனியாக உருப்போடாமல், இணையோடு சேர்த்தே கற்க வேண்டும். நாம் அந்தப் பையனுக்குச் செய்த தவறு இதுவே.

நான்காம்படி: காலமும் எண்ணும்

காலத்தைக் காட்டும் சொல் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்', 'எகோ' இருந்தால் முடிந்துபோன காலம். 'ஸின்ஸ்' இருந்தால் அன்று தொடங்கி இன்றுவரை நீடிப்பது. ஆதலால் 'ஹேஸ்' அல்லது 'ஹேவ்' தேடி வரும். 'ஸின்ஸ்' தொடங்கிய நாளைச் சொல்லும், 'ஃபார்' எவ்வளவு காலம் என்பதைச் சொல்லும்.

எண்ணில் ஒரு கண்ணி உண்டு. "எ பாக்ஸ் ஆஃப் டேட்ஸ்" என்று தொடங்கும் வாக்கியத்தில் 'டேட்ஸ்' என்ற பன்மையைப் பார்த்துப் பிள்ளைகள் 'வேர்' என்று போட்டுவிடுவார்கள். வந்தது பெட்டி ஒன்றே, ஆகவே 'வாஸ்' என்பதே சரி. பேரீச்சம்பழம் எத்தனை இருந்தாலும் பற்று எழுதுவது பெட்டிக்குத்தானே!

ஐந்தாம்படி: கருத்து எப்பக்கம் திரும்புகிறது?

'பிகாஸ்' என்றால் காரணம். 'ஸோ', 'தேர்ஃபோர்' என்றால் விளைவு. 'பட்', 'ஹவெவர்', 'ஆல்தோ' என்றால் எதிர்மாறு. கோட்டுக்கு முன்னுள்ள கருத்தும் பின்னுள்ள கருத்தும் ஒரே பக்கம் போகின்றனவா, எதிர்ப்பக்கம் போகின்றனவா என்று பிள்ளை தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். "ஆகவே" பொருந்துகிறதா, "ஆனாலும்" பொருந்துகிறதா என்று அவனுக்கே விளங்கிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க: 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' போடக் கூடாது. ஒரு சரக்குக்கு இரண்டு தரம் விலை போட்டதாக ஆகிவிடும்.

நம் பிள்ளைகளுக்கென்றே உள்ள தடைகள்

வீட்டில் தமிழும் தெருவில் மலாயும் பேசும் நம் பிள்ளைகளுக்குச் சில தடைகள் அந்த மொழிகளிலிருந்தே வருகின்றன. அவர்களுடைய அறிவில் குறையில்லை. ஆங்கிலத்தின் 'எ', 'அன்', 'தி' போல ஒவ்வொரு பெயருக்கும் முன்னே நிற்கவேண்டிய சொல் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. ஆகையால் அந்தக் கோடு வந்தால் தடுமாறுகிறார்கள். முதன்முறை பேசும்போது 'எ', அதையே மறுபடி குறிப்பிடும்போது 'தி' என்பது பொதுவிதி. உச்சரிப்பு உயிரொலியில் தொடங்கினால் 'அன்'.

தமிழில் "பினாங்கில்", "மேசையில்", "1936இல்" எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் ஊர், மாதம், ஆண்டுக்கு 'இன்'. கிழமைக்கும் தேதிக்கும், ஒன்றன்மேல் இருப்பதற்கும் 'ஆன்'. கடிகார மணிக்கு 'அட்'.

மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப வடிவம் மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில் 'கோ' என்பதை நேற்றைக்கும் நாளைக்கும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மேலும் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'ரைஸ்' ஆகியவற்றை ஆங்கிலேயர் எண்ணுவதில்லை. அவற்றோடு 'மச்' வருமேயன்றி 'மெனி' வாராது.

ஒரு மாதிரிப் பயிற்சி

ஒரு பேரன் தன் பாட்டனாரைப் பற்றிச் சொல்வதாகச் சில வரிகள் தருகிறோம். பாட்டனார் பினாங்குக்கு வந்தது, சிறு கடை வைத்தது, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமலே கணக்கைச் சுத்தமாக வைத்தது, கடை வளர்ந்தது என்பதே பொருள்.

"மை கிராண்ட்ஃபாதர் கேம் டு பினாங் (1)____ 1936. ஹி ரென்டட் எ ஸ்மால் ஷாப் நியர் தி மாஸ்க் அண்ட் ஸோல்ட் ஸ்பைசஸ். (2)____ ஹி குட் நாட் ரீட் இங்கிலீஷ், ஹி கெப்ட் ஹிஸ் அக்கவுண்ட்ஸ் வெரி கேர்ஃபுல்லி. ஈச் ஆஃப் ஹிஸ் கஸ்டமர்ஸ் (3)____ கிவன் எ ரிசீட். ஹி நெவர் (4)____ எ பிராமிஸ் ஹி குட் நாட் கீப். பீப்பிள் டிரஸ்டட் ஹிம், (5)____ தி பிஸினஸ் க்ரூ. அவர் ஃபேமிலி (6)____ ரன் தி ஷாப் எவர் ஸின்ஸ்."

(1) அட், இன், ஆன், ஸின்ஸ். ஆண்டு என்பதால் 'இன்'. 'ஸின்ஸ்' ஏன் ஆகாது? வந்தது ஒரு நாளில் முடிந்துபோன காரியம், இன்றுவரை நீடிப்பதல்ல.

(2) பிகாஸ், ஆல்தோ, பட், தேர்ஃபோர். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் கணக்கு சுத்தம். இரண்டும் எதிர்ப்பக்கம். இரண்டு கருத்தையும் ஒரே வாக்கியமாக முன்னின்று இணைப்பது 'ஆல்தோ'.

(3) வேர், வாஸ், ஆர், ஹேவ். 'ஈச்' என்றால் ஒவ்வொருவர். 'கஸ்டமர்ஸ்' என்ற பன்மையைக் கண்டு மயங்க வேண்டாம். 'வாஸ்'.

(4) டிட், மேட், டுக், டோல்ட். 'பிராமிஸ்' என்பதன் துணை 'மேக்'. இறந்தகாலத்தில் 'மேட்'.

(5) ஸோ, பட், ஆல்தோ, பிகாஸ். மக்கள் நம்பினர், ஆகவே வளர்ந்தது. 'ஸோ'.

(6) இஸ், ஹேஸ், வாஸ், ஹேட். கடைசியிலுள்ள 'எவர் ஸின்ஸ்' என்பது அன்றிலிருந்து இன்றுவரை என்பதைக் காட்டுகிறது. 'ஹேஸ்'. விடை கோட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கவனித்தீர்களா? கோடு வந்தவுடனே வாசிப்பை நிறுத்துபவன் இதில் ஏமாறுவான்.

வாக்கியம் பொருத்தும் பகுதி

எஸ்.பி.எம். தாளில் ஆறு இடங்களுக்கு எட்டு வாக்கியங்கள் தருவார்கள். இரண்டு மிச்சப்படும். இங்கேயும் அண்டையைப் பார்ப்பதே வழி. ஒரு வாக்கியம் 'தீஸ்' என்று தொடங்கினால், அதற்கு முந்திய வரியில் பன்மைப் பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். 'ஹி' என்று தொடங்கினால், ஓர் ஆண்மகன் முன்பே பேசப்பட்டிருக்க வேண்டும். 'ஹவெவர்' என்று தொடங்கினால், முந்திய வரியில் அதற்கு எதிர்மாறான கருத்து இருக்கும். ஐயமில்லாதவற்றை முதலில் போட்டு, பயன்பட்ட வாக்கியத்தை அடித்துக்கொண்டே வந்தால் எஞ்சியவை குறைந்து வேலை இலகுவாகும்.

குறிப்பை நிரப்பும் பகுதி

இங்கே கட்டளையை இருமுறை வாசிக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது என்றிருந்தால், இரண்டு சொல் எழுதியவனுக்கு விடை தெரிந்திருந்தும் மதிப்பெண் போகும். ஐயெல்ட்ஸ் பரீட்சையிலும் இந்தச் சொல் எல்லை கண்டிப்பானது. எழுத்துப் பிழைக்கும் அங்கே மதிப்பெண் இல்லை. கட்டுரையில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதுக. கோட்டுக்கு முன் 'எ' இருந்தால் ஒருமையே எழுதுக.

எந்த இடத்தையும் வெறுமையாக விட வேண்டாம். இந்தப் பரீட்சைகளின் இப்பகுதிகளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆயினும் ஊகம் கடைசியில் வரவேண்டியது. பொருந்தாதவற்றைக் கழித்த பின்னரே ஊகிக்க வேண்டும்.

தகப்பன்மார் செய்யக்கூடியது

"எனக்கே இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்க வேண்டாம். கடைக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சிறு செய்தியைத் தேர்ந்து, ஏழு சொல்லுக்கு ஒன்றாக மையால் மறைத்துவிடுங்கள். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் விற்கும் பழைய புத்தகங்களில் ஒன்றும் இதற்குப் போதும். மறைத்த சொற்களை வரிசையாக ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி, மறுநாள் பிள்ளையை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஏன் இந்தச் சொல்?" அவன் தமிழிலேயே பதில் சொல்லட்டும். "இப்படித்தான் தோன்றியது, அத்தா" என்றால் அது பதிலாகாது. "முன்னால் 'ஸின்ஸ்' இருக்கிறது" என்றால் அது பதில். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. வாடிக்கையாளர் சொல்லும் காரணம் உண்மையா, சாக்கா என்று கண்டுகொள்ளும் உங்கள் காது போதும்.

தவறிய சொற்களை ஒரு நோட்டில் பற்று எழுதுவது போல் எழுதி வரச் செய்க. ஒரே பிழை மூன்று தரம் பற்றில் ஏறினால் அதற்குரிய விதியை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மறுபடி தவறாமல் எழுதியதும் அந்த வரியை அடித்துவிடலாம். நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடுகள் போதும். கடை அடைத்த பிறகு கால் மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும்.

நாம் முதலில் சொன்ன பையன் இவ்வாறே மூன்று மாதம் செய்தான். மூயெட் பரீட்சையை மறுபடியும் எழுதலாம் என்பதால் எழுதினான். குறைந்த அரைப் படியும் கிடைத்தது. இவ்வாண்டு பரீட்சைக்கு உட்காரும் நம் தெருப் பிள்ளைகள் இரண்டாம் தடவை வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினோம்.

பயிற்சிக்கு ஆறு வாக்கியங்கள்

1. "தி பிரைஸ் ஆஃப் ஆனியன்ஸ் ____ கான் அப்." (ஹேஸ், ஹேவ்)
2. "தேர் இஸ் நாட் ____ ரைஸ் இன் தி ஸ்டோர்." (மச், மெனி)
3. "ஹி ஹேஸ் வொர்க்ட் ஹியர் ____ டென் இயர்ஸ்." (ஃபார், ஸின்ஸ்)
4. "மை ஃபாதர் இஸ் ____ ஆனஸ்ட் டிரேடர்." (எ, அன்)
5. "வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு ____ யூ." (மீட், மீட்டிங்)
6. "இஃப் ஐ ____ யூ, ஐ உட் நாட் ஸைன் தி பேப்பர்." (ஆம், வேர்)

விடைகள்: 1. ஹேஸ், உயர்ந்தது விலை, வெங்காயம் அல்ல. 2. மச். 3. ஃபார், பத்தாண்டு என்பது கால அளவு. 4. அன், எழுத்து 'ஹெச்' ஆயினும் ஒலி உயிரொலி. 5. மீட்டிங்; இத்தொடரில் வரும் 'டு' சிறு சொல்லாகவே நிற்பதால் 'இங்' சேர்கிறது. 6. வேர், நடவாத ஒன்றைக் கற்பனையாகச் சொல்வதால்.